கணினியைப் பேணிய கதை



நான் பௌதிக ஆசிரியனாகப் பணியாற்றிய கல்லூரிக்கு 1980-களின் நடுப்பகுதியில் கணினிகள் வந்து சேர்ந்தன. நான்கே நான்கு. அவற்றை வைப்பதற்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து, சன்னல்களைக் கண்ணாடியிட்டு மூடி, குளிர்சாதனமும் பொருத்தினார்கள். வகுப்பறைகளில் விசிறியே ஒழுங்காகச் சுழலாத காலம் அது. ஆதலால் அந்தக் குளிரறைக்கு ஊரில் தனி மதிப்பு உண்டாயிற்று. வாயிலில் ஒரு பலகை தொங்கியது: 'காலணிகளை வெளியே விடவும்.' மாணவர்கள் கோயிலுக்குள் புகுவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, பேச்சையும் தாழ்த்திக்கொண்டு உள்ளே செல்வார்கள். அறையைக் காத்துவந்த முதிய உதவியாளரிடம் ஒரு நாள், "ஐயா, எதற்காக இந்த ஆசாரம்?" என்று கேட்டேன்.

"தூசி சார்" என்றார்.

"தூசி பட்டால் என்ன ஆகும்?"

"அது தெரியாது சார். படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

அவர் சொன்ன பதிலில் பாதி இருந்தது. மறு பாதியைத் தேடிக்கொண்டு போன பிறகுதான் கணினியின் வரலாறு எனக்கு விளங்கத் தொடங்கியது. அவ்வரலாற்றைப் பொதுவாக வேகத்தின் வரலாறாகச் சொல்வார்கள். அல்லது அறை அளவாயிருந்த பொறி உள்ளங்கை அளவாகச் சுருங்கிய கதையாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஆயினும் அதைப் பழுது பார்த்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு கதை தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒரே சமயத்தில் பிசகாமல் இயங்க வேண்டுமே என்ற கவலைதான், கணினிக்கு இன்றுள்ள உருவத்தைப் பெருமளவுக்குக் கொடுத்தது என்பது என் கருத்து.

முதலில் அதன் உறுப்புகளைப் பார்த்துவிடுவோம். 19-ஆம் நூற்றாண்டில், நூற்பாலைகள் பெருகிய இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், 1830-களில் 'பகுப்புப் பொறி' ஒன்றை மனத்தில் கண்டார். அதில் இரண்டு பெரும் பகுதிகள். எண்களை வைத்து எடுக்கும் இடத்திற்குக் 'களஞ்சியம்' என்றும், அவற்றைக் கூட்டிப் பெருக்கும் இடத்திற்கு 'ஆலை' என்றும் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். பொறிக்கு ஆணைகளைத் துளையிட்ட அட்டைகள் மூலம் கொடுப்பது, விடையை அச்சிட்டு எடுப்பது என்பனவும் அவருடைய திட்டத்தில் இருந்தன. இன்றைய கணினியின் நினைவகம் அவருடைய களஞ்சியமே. செயலகம் அவருடைய ஆலையே. விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவை உள்ளே கொடுப்பதற்கும் வெளியே வாங்குவதற்கும் ஆன வாயில்கள். இவ்வளவுதான் கணினியின் உடற்கூறு. பாபேஜ் 1871-இல் மறைந்தார். அவருடைய பொறி முற்றுப்பெறவில்லை. பித்தளைப் பற்சக்கரங்களைக் கொண்டு அத்துணை நுட்பமான வேலையைச் செய்து முடிப்பதற்குப் பொருளும் போதவில்லை, அவருடைய பொறுமையும் போதவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் நெடுங்காலம் மனிதர்களையே குறித்தது. வானநூல் நிலையங்களிலும் கப்பல் துறையிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு அப்பெயர். நம்முடைய பழந்தமிழிலும் 'கணியன்' என்றால் நாளும் கோளும் கணிக்கிற ஆள்தான். பூங்குன்றனாரின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. மனிதன் பெயரைப் பொறி எடுத்துக்கொண்டது இருமொழியிலும் நிகழ்ந்திருக்கிறது.

இனி, இரண்டாம் உலகப் போரின் நாள்களுக்கு வருவோம். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்பதற்கு அமெரிக்கப் படைக்கு அட்டவணைகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட, மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒருவர் ஏறத்தாழ 20 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. இதை மின்னணுக் கருவியால் செய்து முடிக்கலாம் என்று பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் முன்வந்தார்கள். 1943-இல் வேலை தொடங்கியது. 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டினார்கள். அதுவே எனியாக். எடை 30 டன். உள்ளே ஏறக்குறைய 18,000 வால்வுகள்.

வால்வு என்றால் என்னவென்று இக்கால மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தைத் திறந்தால், சிறு மின்விளக்குகளைப் போலச் செந்நிறமாக ஒளிரும் கண்ணாடிக் குழல்கள் தெரியும், அவைதாம். காற்றகற்றிய குழலுக்குள் சூடேறிய இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலை விடவும் தடுக்கவும் முடியும். அசையும் பகுதி எதுவும் இல்லாத இந்தச் சாவியால், விநாடிக்கு 5,000 கூட்டல்களை எனியாக் செய்தது. குண்டின் பாதை 20 மணி நேரத்திலிருந்து அரை நிமிடத்துக்குக் குறுகியது.

ஆனால் வால்வுக்கு ஆயுள் உண்டு. விளக்கைப் போலவே ஒரு நாள் அது அவிந்துவிடும். ஒரு பேச்சுக்கு, ஒரு வால்வு சராசரி 3,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானொலிப் பெட்டியில் ஐந்தோ ஆறோ வால்வுகள்தாம், கவலையில்லை. 18,000 வால்வுகள் உள்ள பொறியிலோ, கணக்குப்படி பத்து நிமிடத்திற்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை நிற்கும் பொறியால் யாருக்கு என்ன பயன்? அறிந்தவர்கள் பலர் இது நடவாத காரியம் என்று கருதியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

எக்கர்ட்டுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுதான். அவருடைய பெருமை, பொறியைப் படைத்ததில் எவ்வளவோ அவ்வளவு, அது கெடாமல் இருக்க எடுத்துக்கொண்ட முன்யோசனையிலும் உண்டு. வால்வுகளுக்குக் குறிக்கப்பட்ட அளவை விடக் குறைந்த மின்னழுத்தத்தில் அவற்றை வேலை வாங்கினார். பத்துக் கலம் சுமக்கும் வண்டியில் மூன்று கலம் ஏற்றுகிறவனைப் போல, ஒவ்வோர் உறுப்புக்கும் தாராளமாகச் சலுகை கொடுத்தார். எண்ணும் பகுதிகளைக் கழற்றி மாட்டக்கூடிய தனித்தனிப் பெட்டிகளாக அமைத்தார். ஒன்று கெட்டால் அதை உருவிவிட்டு மாற்றுப் பெட்டியைச் செருகிவிடலாம். எலி கடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அவருக்குத் தோன்றியது. கடையில் கிடைத்த கம்பி வகைகளையெல்லாம் வாங்கி, எலிகள் இருந்த கூண்டிலே போட்டு, எந்தக் கம்பியின் மேலுறை அவற்றுக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்து, அதையே பயன்படுத்தினார். பெரிய விஞ்ஞானச் சாதனைகளின் அடியில் இத்தகைய இல்லறப் புத்தி இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

மற்றொரு செய்தியும் அனுபவத்தில் தெரிந்தது. வால்வுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது கெடுவதில்லை. சூடேறும்போதும் ஆறும்போதும்தான் கெடுகின்றன. அதாவது, மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதாக எண்ணி இரவில் நிறுத்துவதே பொறிக்குக் கேடு. ஆகவே எனியாக்கை அணைக்காமலே வைத்திருக்கலானார்கள். பத்து நிமிடத்திற்கு ஒன்று என்று அஞ்சிய இடத்தில், இரண்டு நாளைக்கு ஏறக்குறைய ஒரு வால்வுதான் போயிற்று. போனதைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தும் விட்டார்கள். 1954-இல் ஒரு முறை தொடர்ச்சியாக 116 மணி நேரம் அது பழுதின்றி ஓடியது. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் இரவு அதை இறுதியாக நிறுத்தினார்கள்.

எனியாக்குக்கு ஆணைகளை அமைத்தவர்கள் ஆறு பெண்கள். ஜீன் ஜென்னிங்ஸ், கே மெக்நல்ட்டி முதலியவர்கள். அவர்களுக்குக் கையேடு எதுவும் இல்லை. பொறியின் மின்சுற்றுப் படங்களைக் கையில் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் படித்த படிப்பில், பிழை நேர்ந்தால் அது எந்த வால்வில் என்று கிட்டத்தட்டச் சுட்டிக் காட்டும் அளவுக்குத் தேறினார்கள். அவர்களுடைய பெயர்கள் பல்லாண்டுகள் பேசப்படாமல் கிடந்தன.

அணைக்காமல் வைத்திருப்பதே காவல் என்னும் இந்த உண்மையை அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொருவரும் தாமாகவே அறிந்திருந்தார். இலண்டன் அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டாமி பிளவர்ஸ், தொலைபேசி நிலையங்களில் பெற்ற பழக்கத்தால் வால்வுகளை நம்பினார். பகைவரின் சங்கேதத்தை உடைக்கும் 'கொலோசஸ்' பொறியை 1,500-க்கு மேற்பட்ட வால்வுகளால் அமைத்தார். 1944 தொடக்கத்தில் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்தது. போர் முடிந்ததும் அதை இரகசியத்தில் புதைத்துவிட்டார்கள். 1970-கள் வரையில் அவருடைய வேலையைப் பற்றி உலகம் அறியவில்லை.

பூச்சியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இது பலருக்குத் தெரிந்ததே. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிலேக்களால் இயங்கிய 'மார்க் 2' பொறி தவறிற்று. தேடிப் பார்த்ததில், 70-ஆம் எண்ணுள்ள ரிலேயின் நடுவில் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுச் செத்திருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, முதன்முதலாக உண்மையான பூச்சியே அகப்பட்டது என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். பொறியின் கோளாறைப் 'பூச்சி' என்னும் வழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் அந்த வேடிக்கைக்குப் பொருள் உண்டாயிற்று. அந்தப் பூச்சி அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஆலையைக் காப்பதை விடக் களஞ்சியத்தைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது. 1948 ஜூன் 21-ஆம் நாள் மான்செஸ்டரில், ஆணைகளையும் தன் நினைவகத்திலேயே தாங்கிய பொறி முதன்முதலில் ஓடியது. அதன் நினைவகம் தொலைக்காட்சிக் குழலைப் போன்ற ஒரு குழலின் முகப்பில் படியும் மின்னூட்டப் புள்ளிகளால் ஆனது. அப்புள்ளிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மங்கிவிடும். மங்குவதற்குள் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அமைத்த எட்சாக் பொறியில், பாதரசம் நிரம்பிய குழாய்களின் ஊடே ஒலித்துடிப்புகளாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெப்பம் சற்று மாறினால் பாதரசத்தில் ஒலியின் வேகமும் மாறிவிடும். ஆகவே குழாய்களைச் சீரான வெப்பத்தில் வைத்துக் காத்தார்கள்.

எம்.ஐ.டி. நிறுவனத்தின் 'வேர்ல்விண்ட்' பொறியிலும் மின்னூட்டக் குழல்களே நினைவகம். அவை ஓயாமல் தொல்லை கொடுத்தன. அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் ஜே பாரஸ்டர் என்பவர், கடுகு மணி போன்ற சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து வலையாகப் பின்னினார். வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 1, எதிர்த் திசையில் ஏறினால் 0. 1953-இல் இந்த வலையைப் பொருத்தியதும், நினைவகத்தைச் சீர்செய்யும் வேலை நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாக இருந்தது, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. அந்தப் பொறியில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. வேண்டுமென்றே மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பார்கள். நலிந்த வால்வு அந்தச் சோதனையில் தடுமாறும். கெடுவதற்கு முன்னாலேயே அதை எடுத்துவிடுவார்கள். வைத்தியர் நம்மை ஓடவிட்டு நாடி பார்ப்பதில்லையா, அதைப்போல.

இந்தக் காந்த வளையங்கள் விரைவில் நம் நாட்டுக்கும் வந்தன. பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு கணினியொன்றை அமைக்க முனைந்தது. முன்பின் கணினி கட்டிப் பழகாதவர்கள் அவர்கள். முதலில் ஒரு மாதிரிப் பொறியைச் செய்து கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு பெரிய பொறியைத் தொடங்கி, 1960-இல் இயக்கினார்கள். 2,700 வால்வுகள்; காந்த வளைய நினைவகத்தில் 2,048 சொற்களுக்கு இடம். 1962 ஜனவரியில் நேரு அதற்கு 'டிப்ராக்' என்று பெயர் சூட்டினார். வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் கணினிகள் வரத் தொடங்கிவிட்ட சமயம் அது; பிறந்தபோதே பழையதாகிவிட்ட பொறி என்று அதைக் குறைத்துச் சொல்வாருண்டு. எனக்கு அது உடன்பாடன்று. விலைக்கு வாங்கிய பொறி கெட்டால் விற்றவரைக் கூப்பிட வேண்டும்; கட்டிய பொறி கெட்டால் கட்டியவர்களே கையை வைப்பார்கள். அந்தக் கைகளை நாட்டுக்குத் தந்தது டிப்ராக்.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. இழையில்லை, சூடில்லை, அவிந்துபோவதும் இல்லை. வால்வின் தொல்லை தீர்ந்தது. ஆனால் வேறொன்று முளைத்தது. உறுப்புகள் சிறுத்துப் பெருகப் பெருக, அவற்றைக் கம்பியால் இணைத்துப் பற்றவைக்கும் இடங்கள் இலட்சக்கணக்காயின. ஓரிடத்தில் ஈயம் சரியாகப் பற்றாவிட்டாலும் பொறி நிற்கும். 1958 கோடையில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் எல்லோரும் விடுமுறைக்குப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்ததால் விடுமுறை கிடைக்காத ஜாக் கில்பி தனியே உட்கார்ந்து இதைச் சிந்தித்தார். எல்லா உறுப்புகளையும் ஒரே துண்டில் அமைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்தச் செப்டம்பரில் அதைச் செய்தும் காட்டினார். அடுத்த ஆண்டு ராபர்ட் நாய்ஸ், இணைப்புகளையும் சிலிக்கன் மேலேயே படியச் செய்யும் வழியைக் கண்டார். சில்லு பிறந்த வரலாறு இதுவே.

அதன் பின்னர் கணினிகள் பல இனங்களாகப் பிரிந்தன. அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் பெரும் பொறிகள், 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த 360 வரிசை அவற்றில் தலையாயது. ஆய்வகத்தின் மூலையில் வைக்கத்தக்க சிறு பொறிகளில் 1965-இல் வந்த பி.டி.பி.-8 பேர் பெற்றது. வானிலையும் அணுவியலும் கேட்கும் மாபெரும் கணக்குகளுக்கு மீக்கணினிகள்; 1976-இல் வந்த கிரே-1-இன் வெப்பத்தைத் தணிக்கக் அந்நாளில் குளிர்பதனப் பெட்டியில் ஓடிய பிரியான் திரவத்தையே குழாய்களில் ஓட விட்டார்கள். 1971-இல் இன்டெல் நிறுவனம் ஆலை முழுவதையும் 2,300 டிரான்சிஸ்டர்களுள்ள ஒரே சில்லில் அடக்கிய பிறகு, மேசைமேல் வைக்கும் சொந்தக் கணினிக்கு வழி திறந்தது. இப்போது சட்டைப்பையில் இருப்பதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

எங்கள் குளிரறைக்குத் திரும்புகிறேன். ஒரு மாணவி, இறுதியாண்டுச் செய்முறைக்காக ஊசலின் அசைவைக் கணக்கிடும் நிரலொன்றைக் காலையிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிற்பகல் மூன்று மணியளவில் மின்சாரம் நின்றது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. திரை ஒளிர்ந்தபோது அவளுடைய எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. "நான் ஒன்றும் தப்புச் செய்யவில்லை சார்" என்று அழுதாள். மறுநாள் காலை அதை ஒப்படைக்க வேண்டிய கெடு. தவறு அவளுடையதன்று. சேமித்து வைக்க வேண்டும் என்பதை நாங்கள் ஆசிரியர்கள் ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கே அது அழுத்தமாகத் தெரிந்திருக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாரஸ்டரின் காந்த வளையங்கள் மின்சாரம் நின்றாலும் மறப்பதில்லை. காந்தம் காந்தமாகவே இருக்கும். 1970-இல் தொடங்கி அவற்றை வீழ்த்திய சில்லு நினைவகமோ, ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு நுண்ணிய மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது விநாடியின் சிறு பகுதிக்குள் கசிந்துவிடும். ஆதலின், நாம் அறியாமலே, கணினி தன் நினைவு முழுவதையும் ஒவ்வொரு விநாடியும் பலமுறை படித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. மான்செஸ்டரின் பழைய வித்தை சில்லுக்குள் மறுபிறவி எடுத்திருக்கிறது. மின்சாரம் ஒரு நொடி நின்றால் திரும்ப எழுத ஆளில்லை. மலிவும் வேகமும் கருதி, மறவாத களஞ்சியத்தைக் கொடுத்து மறக்கும் களஞ்சியத்தை வாங்கிக்கொண்டோம்.

இவ்வாறு, முன்பு மனிதர் செய்த காவலில் பெரும்பகுதியைப் பொறியே மேற்கொண்டது. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் பொறியிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திங்களன்று வந்து பார்ப்பார். பிழை கண்டதும் பொறி அந்தக் கணக்கைக் கைவிட்டிருக்கும். பிழை இருப்பதை அறியும் பொறி, அது எங்கே என்றும் அறிந்து திருத்திக்கொள்ளலாகாதா என்று சினந்து சிந்தித்து, 1950-இல் பிழைதிருத்தும் குறியீட்டை வெளியிட்டார். 1978-இல் இன்டெல் ஆய்வாளர்கள் மற்றொரு வியப்பைக் கண்டார்கள். சில்லை மூடும் பீங்கான் உறையில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் வீசும் ஆல்பாத் துகள், நினைவிலுள்ள 1-ஐ 0 ஆக்கிவிடுகிறது! அத்தகைய பிழைகளையும் இன்று பெருங்கணினிகளில் ஹாமிங் வழியே திருத்துகிறது.

எனினும் தூசி நம் பொறுப்பிலேயே இருக்கிறது. முதிய உதவியாளர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்: நாங்கள் பயன்படுத்திய நெகிழ்வட்டுகளில் படிக்கும் முனை வட்டைத் தொட்டுக்கொண்டே செல்லும், இடையில் மணல் துகள் புகுந்தால் எழுத்தைச் சுரண்டிவிடும். கெட்டியான வட்டில் முனை தொடாமல் காற்றில் மிதந்து செல்லும். தலைமயிரின் பருமன் அந்த இடைவெளியைப் போல நூறு மடங்குக்கு மேல். மேலும், செயலகத்தின் மேலுள்ள உலோகத் தகடுகளிலும் விசிறியிலும் தூசி கம்பளிபோலப் படிந்தால் வெப்பம் வெளியேறாது; பொறி தானே நின்றுவிடும். ஆண்டுக்கு இருமுறையாவது மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மென்தூரிகையால் துடைப்பதும், கைபடுமுன் ஓர் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்வதும், முக்கியமானதை இரண்டு இடங்களில் எழுதி வைப்பதும் அறிந்தவர்களின் வழக்கம்.

அந்த மாணவி அன்று மாலை ஆறு மணிக்கு மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். உதவியாளர் அறையைப் பூட்டாமல் இரவு பத்து மணி வரை காத்திருந்தார். அவளருகில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, "அம்மா, எழுதி வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் நான் போனபோது, காலணிப் பலகையின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் அவரே அந்த இரண்டு சொற்களையும் எழுதியிருந்தார்.